ஜாகிர் உசேன்: அப்பா அல்லா ரக்காவிடமிருந்து வந்தது எது, அவரே சேர்த்தது எது?

லய_ரசிகை கேட்டது:

வணக்கம். மிருதங்கம் கற்கும் 12 முதல் 16 வயதுப் பிள்ளைகளுக்கு ஒன்றரை மணி நேரக் கேட்பு வகுப்பு ஒன்று ஏற்பாடாகியிருக்கிறது. பொருள், தபலா மேதை ஜாகிர் உசேனும் அவர் தந்தை அல்லா ரக்காவும். பிள்ளைகள் கட்டாயம் கேட்கப்போகும் முதல் கேள்வி, "பெரிய வித்வானின் பையன் என்பதால் வந்த பேர்தானே?" என்பது. அதற்கு மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும். அப்பாவிடம் அவர் கற்றது என்ன, எப்படிக் கற்றார், அதற்குமேல் தன் உழைப்பால் சேர்த்தது என்ன என்று வாசிப்பை வைத்தே காட்ட முடியுமா? ஆதி தாளமும் (எட்டு எண்ணிக்கைச் சுற்று) கோர்வையும் (மூன்று தரம் வந்து முடியும் சொல் அமைப்பு) தெரிந்த பிள்ளைகள்தான், ஆனால் இந்துஸ்தானி கேட்டுப் பழக்கமில்லை. எந்தப் பதிவை முதலில் போடுவது, எதைக் கவனிக்கச் சொல்வது என்று விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

மாதுங்கா_தமிழன்:

அந்தக் கேள்விக்கு ஒரு தலைமுறை முன்னால் போய்ப் பதில் சொல்லத் தொடங்குங்கள். அல்லா ரக்கா பரம்பரைத் தபலாக்காரர் கிடையாது. 1919 ஏப்ரல் 29இல் ஜம்மு பக்கம் பக்வால் என்ற கிராமத்தில், இசைக்கு எந்தச் சம்பந்தமும் இல்லாத டோக்ரா குடும்பத்தில் பிறந்தவர். தபலாப் பித்துப் பிடித்து, சிறுவனாக வீட்டைவிட்டுக் கிளம்பி, பஞ்சாப் கரானாவின் (கரானா என்றால் குரு வழிப் பாணி) மியான் காதிர் பக்ஷிடம் போய்ச் சேர்ந்தார். பாட்டியாலா கரானாவின் ஆஷிக் அலி கானிடம் வாய்ப்பாட்டும் கற்றார். 1930களில் லாகூர் வானொலியில் வேலை, பிறகு பம்பாய். 1940களில் ஏ.ஆர். குரேஷி என்ற பெயரில் இந்திப் படங்களுக்கு இசையமைத்தார். அதை விட்டுவிட்டு முழு நேரக் கச்சேரிக்காரராகி, சிதார் கலைஞர் ரவிசங்கரோடு உலகம் சுற்றினார். ஆக, ஜாகிருக்குக் கிடைத்த சொத்து ஒரே தலைமுறையில் சேர்த்தது.

1947 பிரிவினையில் குரு லாகூரில் தங்கிவிட்டார், சீடர் பம்பாயில். பஞ்சாப் கரானாவின் பெரிய கைகள் பலவும் எல்லைக்கு அந்தப் பக்கம் போய்விட்ட நிலையில், இந்தியாவில் அந்தப் பாணியைக் கேட்க வேண்டுமென்றால் அல்லா ரக்காவைத்தான் கேட்க வேண்டும் என்று ஆயிற்று. அவர் மூத்த மகன் ஜாகிர் 1951 மார்ச் 9இல் மாகிமில் பிறந்தார். குழந்தையைக் கையில் கொடுத்ததும் காதில் பிரார்த்தனை ஓத வேண்டிய இடத்தில் அப்பா தபலாச் சொல்கட்டுகளை (அடிகளுக்கான வாய்ச்சொல் கோவைகளை) ஓதினார் என்று ஜாகிர் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அதை எல்லாரும் எழுதிவிட்டார்கள். பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது அதைவிட முக்கியமான வேறொன்று.

ஏழு வயது வாக்கில் அப்பா அவரை விடியற்காலை 3 மணிக்கு எழுப்பி, 6 மணி வரை உட்கார வைப்பாராம். அந்த மூன்று மணி நேரமும் பெரும்பாலும் தபலாவைத் தொடுவதில்லை. வாயால் சொல்வதும் கையால் தாளம் போடுவதும்தான். ஒவ்வொரு சொல்கட்டும் யார் அமைத்தது, எந்த உஸ்தாத் எப்படி வாசித்தார் என்ற சங்கதிகளும் கூடவே வரும். பிறகு மதரசா, அதன்பின் மாகிமில் உள்ள செயின்ட் மைக்கேல் பள்ளி. நம் பிள்ளைகள் கொன்னக்கோலை, அதாவது தாளச் சொற்களை, வாயால் சொல்லிவிட்டு வாசிக்கிறார்களே, அதே முறை. வடக்கே அதற்குப் படந்த் என்று பேர். வாயில் வராத சொல் கையில் வராது என்பது இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

இனி "அப்பா பேரால் வந்ததா" என்பதற்கு நேர்ப் பதில். முதல் வாய்ப்பு அப்பா பேரால் வந்தது, சந்தேகமே இல்லை. 1970இல் அல்லா ரக்காவுக்கு உடம்பு சரியில்லாமல் போனபோது ரவிசங்கருக்கு வாசிக்க அமெரிக்கா போனவர் ஜாகிர். வயது 19. வேறொரு 19 வயதுப் பையனை ரவிசங்கர் அந்த மேடையில் உட்கார வைத்திருப்பாரா? மாட்டார். ஆனால் இரண்டாவது தடவை கூப்பிடுவது கையைப் பார்த்துத்தான். அதன்பின் சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார், கலிஃபோர்னியாவில் சரோத் கலைஞர் அலி அக்பர் கானின் இசைக் கல்லூரியில் சேர்ந்தார். 1973இல் ஆங்கிலேய கிதார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லினோடு சக்தி என்ற இந்திய, ஜாஸ் கலப்பு இசைக் குழு. அந்தப் பத்தாண்டு முழுக்க அவர் செய்தது பக்கவாத்தியம், பாடம் சொல்லுதல், மறுபடி பக்கவாத்தியம்.

இன்னொரு சான்று வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. தம்பிகள் ஃபஸல் குரேஷியும் தௌஃபீக் குரேஷியும் அதே அப்பாவிடம்தான் கற்றார்கள். ஃபஸல் தபலாவிலேயே நின்றார், சுவீடன் கலைஞர்களோடு மிந்தா என்ற குழுவிலும் வாசித்தார். தௌஃபீக் அதே சொல்கட்டுகளை ஆப்பிரிக்கக் கை முரசான ஜெம்பேயில் கொண்டுவந்து உட்கார வைத்தார். பாடம் ஒன்று, பாதை மூன்று. ஜாகிரின் இரண்டு மகள்களோ தபலாவைத் தொழிலாக எடுக்கவில்லை.

கரணை:

வாழ்க்கை விவரத்தை மேலே உள்ளவர் சொல்லிவிட்டார். ஒலியைப் பற்றி நான் எழுதுகிறேன். கருவி எப்படிப் பேசுகிறது என்று தெரியாமல் அப்பா வேறு, பிள்ளை வேறு என்று காதால் பிரிக்க முடியாது.

மிருதங்கம் ஒரே பலாக்கட்டையில் இரண்டு முகம். தபலா இரண்டு தனிப் பாத்திரம். வலது கைக்குத் தாயான், சீசம் மரத்தில் குடைந்தது. இடது கைக்குப் பாயான், செம்பு அல்லது பித்தளை. இரண்டிலும் ஆட்டுத்தோல். தனித்தனியாக இருப்பதால் சுருதி மாறினால் தாயானை மட்டும் மாற்றினால் போதும். ஐந்து, ஐந்தேகால் அங்குல முகம் ஒன்றரைக் கட்டை போன்ற உயர்ந்த சுருதிக்கு. ஆறு அங்குலத்துக்குப் பக்கமாகப் போனால் கீழ்ச் சுருதி. ஐந்தேகால் அங்குலத் தாயானை இழுத்துக் கீழே இறக்கினால் தோல் தொளதொளத்து நாதம் செத்துவிடும். பெரியதை முறுக்கி மேலே ஏற்றினால் ஓரம் கிழியும்.

நடுவில் உள்ள கறுப்பு வட்டத்துக்கு ஸ்யாஹி என்று பேர், மிருதங்கத்தின் வலது முகத்துக் கறுப்பு வட்டமான நம் கரணைக்குச் சமம். மாவுப் பசையும் இரும்புத் தூளும் கலந்து மெல்லிய அடுக்கடுக்காகப் பூசி, ஒவ்வொரு அடுக்கையும் கல்லால் தேய்ப்பார்கள். தேய்க்கும்போது நுண்ணிய வெடிப்புகள் விழும். அவை இருப்பதால்தான் அவ்வளவு கெட்டியான பூச்சு தோலோடு சேர்ந்து அதிர்கிறது. அதில் ஒரு சில்லு பெயர்ந்தாலும் கரகரப்பு வந்துவிடும். சாதாரணத் தோல் முரசில் மேலொலிகள் ஒன்றுக்கொன்று ஒட்டாமல் இரைச்சலாக வரும். நடுவில் பாரம் ஏற்றியதும் அவை ஸ்வரக் கணக்குக்குள் வந்துவிடுகின்றன. மிருதங்கம், தபலா இரண்டையும் வைத்து இதை ஆராய்ந்து சொன்னவர் சி.வி. ராமன். 1920இல் முதலில் எழுதினார், 1934இல் விரிவாக. ஒன்பது அதிர்வு வகைகள் ஐந்து மேலொலிகளுக்குள் அடங்கிவிடுகின்றன என்று காட்டினார். வகுப்பில் இதை இரண்டு நிமிஷம் சொல்லுங்கள், பிள்ளைகள் தங்கள் மிருதங்கத்தையே வேறு கண்ணால் பார்ப்பார்கள்.

பாயானில் ஸ்யாஹி நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் தள்ளி இருக்கும். மணிக்கட்டை அகலமான பக்கத்தில் ஊன்றி, விரல் நுனியால் அடிப்பார்கள். அடித்த பிறகு மணிக்கட்டை அழுத்தி நகர்த்தினால் ஒலி மேலே ஏறும். நம் தொப்பியில் (மிருதங்கத்தின் இடது முகத்தில்) கும்கி கொடுப்பதற்கு நெருங்கிய உறவு. இங்கே தவறு நேர்வது வரிசையில். அடிக்கும் முன்பே அழுத்திவிட்டால் ஒலி உயரத்திலேயே பிறந்து அங்கேயே நிற்கும், வழுக்கல் கேட்காது. அடி, பிறகு அழுத்தம், பிறகு நகர்த்தல் என்று வர வேண்டும். கை வியர்த்தால் தோல் பிடித்துக்கொண்டு கீச்சிடும். அதற்குத்தான் எல்லாரும் பக்கத்தில் பவுடர் டப்பா வைத்திருப்பது.

இப்போது அப்பா, மகன். அல்லா ரக்காவின் வலக்கை வறண்ட, நறுக்கென்ற கை. சொல் எங்கே விழும் என்று எதிர்பார்க்க முடியாது. கணக்குதான் அவர் பலம். 9, 11, 13, 15 என்று ஒற்றைப்படைத் தாளங்களில் சரளமாக உலவுவார். பாயான் அவருக்குப் பெரும்பாலும் தாங்கிப் பிடிக்கும் கை. ஜாகிர் அந்த இடக்கையைப் பாட வைத்தார். ஒரே பாயானில் நாலைந்து ஸ்வர நிலைகளைத் தெளிவாக நிறுத்தி, கூட ஓடும் சாரங்கி (வில்லால் வாசிக்கும் வாத்தியம்) வாசிக்கும் மெட்டையே இடக்கையில் திருப்பிச் சொல்வார். பாயானில் இப்படிப் பாடுவது அவருக்கு முன்பும் இருந்ததுதான். ஆனால் அந்த வேகத்தில், அந்தச் சுத்தத்தோடு, வலக்கை ஓட்டம் ஒரு இம்மி குறையாமல் செய்வது அவர் சேர்த்தது. என் கணக்கில் அவருடைய மிகப் பெரிய பங்களிப்பு இதுதான். வேகத்தை அடுத்த தலைமுறை எட்டிப் பிடித்துவிட்டது, இதை இன்னும் இல்லை.

பஞ்சாப் கரானா, பக்வாஜ் என்ற வடக்கத்திய இரு முக முரசிலிருந்து நிறைய எடுத்துக்கொண்டது. அதனால் உள்ளங்கை முழுதும் இறங்கும் திறந்த அடிகள் அதிகம். 'திர்திர்' என்ற சொல்லை ஜாகிர் வாசிக்கும்போது கையைப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளங்கை ஸ்யாஹியின் மேல் இப்படியும் அப்படியும் புரளும், தூக்கி அடிப்பதே இல்லை. தூக்கினால் வேகம் பாதியாகிவிடும்.

லய_ரசிகை:

இருவருக்கும் நன்றி. கணக்கு என்று சொன்னீர்கள். பிள்ளைகளைத் தாளம் போட வைத்துக்கொண்டே கேட்கச் செய்ய ஆசை. 16 எண்ணிக்கை கொண்ட தீன்தாளத்தை இரண்டு ஆவர்த்தம் (சுற்று) ஆதி தாளமாகப் போடச் சொன்னால் சரியாக இருக்குமா?

கோர்வைக்_கணக்கன்:

போடச் சொல்லாதீர்கள், அங்கேதான் எல்லாரும் தடுமாறுகிறார்கள். 16 என்ற எண் பொருந்தும், உள் அமைப்பு பொருந்தாது. ஆதி தாளமாகப் போட்டால் ஒன்பதாவது இடத்தில் இன்னொரு சமம் (சுற்றின் முதல் தட்டு) வந்துவிடும். தீன்தாளத்தில் ஒன்பதாவது இடம் காலி, அதாவது வீச்சு. பிள்ளை எங்கே பலமாகத் தட்டுகிறதோ அங்கே தாளம் லேசாகிறது. பத்து நிமிஷத்தில் தொலைந்துபோவார்கள்.

1, 5, 13இல் தட்டு, 9இல் வீச்சு. நடுவே விரல் எண்ணலாம். தேக்கா, அதாவது தாளத்தின் அடிப்படைச் சொல்கட்டு, இது:

தா தின் தின் தா | தா தின் தின் தா | தா தீன் தீன் தா | தா தின் தின் தா

எழுத்தில் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோல் தெரியும். காதால் பிரிக்கப் பாயானைப் பிடியுங்கள். 1 முதல் 9 வரை இடக்கையின் கும்மென்ற ஒலி ஒவ்வொரு அடியிலும் இருக்கும். 10, 11, 12, 13 நான்கிலும் இடக்கை மௌனம், வலக்கை மட்டும். 14இல் இடக்கை திரும்ப வரும். அது திரும்பியதும் 14, 15, 16, அடுத்தது சமம். தாளம் விட்டுப்போன பிள்ளை அந்த மௌனத்துக்காகக் காத்திருந்து, கும்மென்று வந்ததும் மூன்று எண்ணிப் பிடித்துக்கொள்ளலாம். ஜாகிர் பக்கவாத்தியத்தில் எவ்வளவு அலங்காரம் செய்தாலும் இந்த மௌனத்தைக் கோடி காட்டாமல் விடமாட்டார். முன்னால் இருப்பவர் தாளத்துக்கு அவரைத்தான் நம்பி இருக்கிறார்.

அடுத்தது திஹாய். ஒரு சொல்கட்டை மூன்று தரம் வாசித்துச் சமத்தில் வந்து விழுவது. நம் தீர்மானத்துக்கும் (மூன்று தரம் வரும் முடிப்புக்கும்) அதற்கும் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. நமக்குக் கடைசித் 'தாதிகிணதொம்' முழுதாக முடிந்து, அதற்கு அடுத்த எண்ணில் சமம் வரும். அவர்களுக்குக் கடைசிச் சொல்லின் கடைசித் 'தா' தானே சமத்தில் விழ வேண்டும். அதனால் கணக்கு ஒன்று கூடும்.

பழைய சொல்கட்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம்: திடெ கத கதி கென தா. முதல் நான்கு மாத்திரையில் (எண்ணிக்கையில்) மாத்திரைக்கு இரண்டு அடி, ஐந்தாவதில் தா. ஆக 5. மூன்று தரம் வாசித்து நடுவே ஒவ்வொரு மாத்திரை இடைவெளி விட்டால் 5+1+5+1+5 = 17. சமத்தில் தொடங்கினால் தா விழும் இடங்கள் 5, 11, 17. பதினேழாவது என்பது அடுத்த ஆவர்த்தத்தின் சமம். இதையே நம் முறைக்குப் பிள்ளைகளிடம் கேளுங்கள். 5+5+5 = 15, முதல் எண்ணை விட்டு இரண்டில் எடுத்தால் 16இல் முடியும், பிறகு சமம். இரண்டையும் அடுத்தடுத்துச் சொல்ல வைத்தால் வித்தியாசம் உடனே உறைக்கும்.

இடைவெளியை அரை மாத்திரை ஆக்கினால் மொத்தம் 16. அப்போது இரண்டாவது மாத்திரையில் எடுத்தால் கடைசித் தா சமத்தில். இப்படி இடைவெளியை நீட்டியும் குறுக்கியும் எடுப்பு (தொடங்கும்) இடத்தை மாற்றிக்கொண்டே போவது அல்லா ரக்காவுக்குக் கைவந்த கலை. அந்த முழுத் திஹாயையே மூன்று தரம் வாசித்தால் சக்ரதார், ஒன்பது தா. ஒன்பதாவதுதான் சமம். மற்ற எட்டும் கேட்பவரை ஏமாற்றும்.

பிள்ளைகள் வாய்விட்டுச் சொல்லும்போது தவறு இடைவெளியில்தான் வரும், சொல்லில் வராது. மூன்றாவது தரம் வரும்போது அவசரம் தொற்றிக்கொண்டு ஒரு மாத்திரை முக்கால் ஆகிவிடும், தா சமத்துக்கு முன்னாலேயே விழும். இடைவெளியில் கையால் ஒரு தட்டுத் தட்டச் சொல்லுங்கள், சரியாகிவிடும்.

பாரம்பரியம்:

ஒரு மாற்றுக் கருத்து. அல்லா ரக்காவின் வாசிப்பில் இருந்த கனம் மகனிடம் குறைந்துவிட்டது என்று நினைக்கிறேன். ரயில் ஓடும் சத்தம், குதிரைக் குளம்பு, மழை, தேயிலை விளம்பரத்தில் 'வாஹ் தாஜ்', மேற்கத்திய டிரம்காரர்களோடு கூட்டு. மக்கள் கைதட்டியது இவற்றுக்குத்தான். பிள்ளைகளுக்கு இதைக் காட்டினால் தபலா என்றால் வித்தை காட்டுவது என்று பதிந்துவிடும். சாஸ்திரிய வாசிப்பை மட்டும் போடுங்கள்.

மாதுங்கா_தமிழன்:

பாரம்பரியம் சார், சாஸ்திரிய வாசிப்பை முதலில் போட வேண்டும் என்பதில் உங்களோடு முழுக்க உடன்படுகிறேன். கனம் குறைந்தது என்பதை மட்டும் ஏற்க முடியவில்லை. கூட்டு வாசிப்பை மகன் புதிதாகத் தொடங்கவில்லை. அமெரிக்க ஜாஸ் டிரம்காரர் பட்டி ரிச்சோடு 1968இலேயே இசைத்தட்டுப் போட்டவர் அல்லா ரக்கா. 1967இல் மான்டெரே, 1969இல் வுட்ஸ்டாக், 1971 ஆகஸ்டில் நியூயார்க்கில் பங்களாதேஷுக்கான நிதிக் கச்சேரி என்று ராக் ரசிகர் கூட்டத்தின் முன்னால் ரவிசங்கரோடு அமர்ந்து தபலாவை வாசித்தவரும் அவரே. அதற்கு முன்பு தபலாக்காரர் மேடையில் ஓரமாக உட்கார்ந்து, பேரும் சரியாக அச்சாகாமல் போன காலம் உண்டு. தனி வாசிக்க இடம், சமமான மரியாதை எல்லாம் அப்பா காலத்தில் கிடைத்தவை. மகன் அந்த இடத்தை இன்னும் அகலப்படுத்தினார்.

ரயில் சத்தத்துக்கும் ஒரு வார்த்தை. அது ரேலா என்ற சாஸ்திரிய வடிவத்தின் மேல்தான் நிற்கிறது. ஒரே சொல்கட்டை இடைவிடாமல் உருட்டிக்கொண்டே வேகம் ஏற்றுவதுதான் ரேலா. ஜாகிர் இதை ஒரு மணி நேரத் தனியின் கடைசியில் சில நிமிஷம் வாசிப்பார். யூடியூபில் அந்தச் சில நிமிஷத்தை மட்டும் வெட்டிப் போடுகிறார்கள், அது அவர் குற்றமில்லை.

பட்டியல் கேட்கும் பிள்ளைகளுக்காக மட்டும்: அமெரிக்க டிரம்காரர் மிக்கி ஹார்ட்டோடு செய்த பிளானட் டிரம் 1992இல் கிராமி வாங்கியது, அதே கூட்டில் 2009இல் இன்னொன்று. 2024 பிப்ரவரியில் ஒரே இரவில் மூன்று. பத்ம விபூஷண் 2023. அந்த 2024 டிசம்பர் 15இல் சான் பிரான்சிஸ்கோவில் நுரையீரல் நோயால் காலமானார், வயது 73. விருதுப் பட்டியலுக்கு இரண்டு நிமிஷத்துக்கு மேல் கொடுக்காதீர்கள்.

கஞ்சிரா_கை:

லய_ரசிகை அவர்களே, நீங்கள் மிருதங்கப் பிள்ளைகளுக்கு நடத்துவதால் சக்தி குழுவைக் கட்டாயம் சேருங்கள். அங்கே இன்னொரு அப்பா, பிள்ளை கதை நம் ஊர்க்காரர்களுடையது. 1970களில் ஜாகிருக்குப் பக்கத்தில் கடம் வாசித்தவர் விக்கு விநாயக்ராம். அவருடைய தந்தை ஹரிஹர சர்மா சென்னையில் 1958இல் ஜெய கணேஷ் தாள வாத்ய வித்யாலயாவைத் தொடங்கியவர். 1990களின் கடைசியில் குழு மறுபடி கூடியபோது விக்குவின் மகன் செல்வகணேஷ் கஞ்சிராவோடு வந்து உட்கார்ந்தார். மாண்டலினில் யு. ஸ்ரீநிவாஸ், பாட்டுக்குச் சங்கர் மகாதேவன். 2024 கிராமி வாங்கிய கூட்டணியில் செல்வகணேஷும் சங்கர் மகாதேவனும் வயலின் கணேஷ் ராஜகோபாலனும் இருக்கிறார்கள்.

ஒரு வாத்தியக்காரராக ஜாகிருக்கு இதில் நேர்ந்ததைக் கவனியுங்கள். அவர் அப்பாவிடம் கற்றது சமத்தில் தா விழும் கணக்கு. விக்குவோடு வாசிக்கும்போது எடுப்பு சமத்தில் இல்லாமல் ஒன்றரை தள்ளியும் இருக்கலாம், கோர்வை அந்த எடுப்புக்கு வந்து முடியும். இரண்டு பேரும் ஒரே இடத்தில் முடிக்க வேண்டுமென்றால் ஒருவர் மற்றவருடைய கணக்கைத் தன் மொழிக்கு மாற்றியாக வேண்டும். ஜாகிர் மாற்றிக்கொண்டார். கொன்னக்கோல் சொல்லை அப்படியே தபலாச் சொல்லாகப் பெயர்த்து வாசிப்பார். 'தகதிமி'யும் 'தகிட'வும் வரும் இடத்தில் அவர் கையில் என்ன அடி விழுகிறது என்று பிள்ளைகளைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். நல்ல விளையாட்டாகவும் இருக்கும்.

அதேபோல் அவருடைய அடக்கத்தைக் காட்ட சந்தூர் (குச்சியால் தட்டும் தந்தி வாத்தியம்) கலைஞர் சிவ்குமார் சர்மாவோடு வாசித்ததைப் போடுங்கள். சந்தூரின் ஒலி தட்டியவுடன் தேய்ந்து மறையும். தபலா கொஞ்சம் உரக்கப் போனாலும் அந்தத் தேய்வு காதில் விழாது. ஜாகிர் அங்கே தேக்காவை விரல் நுனியால் மட்டும் வைத்து, சந்தூர் மூச்சு விடும் இடங்களில் ஒரு சின்ன உருட்டல் செய்துவிட்டு ஒதுங்கிவிடுவார். சிவ்குமார் சர்மாவே தபலாவும் கற்றவர், 7, 9, 10 மாத்திரைத் தாளங்களில் சிக்கலாகப் பின்னுவார். அந்தச் சிக்கலுக்குள் கூடவே போய்க்கொண்டு அமைதியாக இருப்பது கடினம். ரயில் சத்தத்தைவிட இது எனக்குப் பெரிது.

லய_ரசிகை:

மிக்க நன்றி. பதிவுகளை எந்த வரிசையில், எவ்வளவு நேரம் போடலாம் என்று யாராவது கோத்துத் தர முடியுமா? வகுப்பில் ஒரு மடிக்கணினியும் புரொஜெக்டரும் இருக்கின்றன.

கரணை:

முதலில் ஒலிப்பெருக்கியைக் கவனியுங்கள். மடிக்கணினியின் சொந்த ஸ்பீக்கரில் போட்டால் மொத்த வகுப்பும் வீண். பாயானின் அடிநாதம் 100 ஹெர்ட்ஸ் பக்கத்தில் இருக்கும், அந்தச் சின்ன ஸ்பீக்கர் அதை எழுப்பாது. இடக்கை முழுதும் காணாமல் போய் வலக்கை டிக் டிக்கென்று மட்டும் கேட்கும். மேலே கணக்கன் சொன்ன 10 முதல் 13 வரை மௌனம் என்பதைக் கண்டுபிடிக்கவே முடியாது. எட்டு அங்குல ஊஃபர் உள்ள ஸ்பீக்கர் ஒன்று போதும், ஒயர் வைத்து இணையுங்கள். புளூடூத்தில் படத்துக்கும் ஒலிக்கும் இடைவெளி விழும், கையைப் பார்த்துச் சொல் கண்டுபிடிக்கும் விளையாட்டு கெட்டுவிடும்.

வரிசை நான் வைத்தால் இப்படி. முதல் பத்து நிமிஷம் பதிவே வேண்டாம், தீன்தாளம் போடவும் தேக்கா சொல்லவும் பழக்குங்கள். அடுத்து 1967 மான்டெரேயில் ரவிசங்கர், அல்லா ரக்கா வாசித்ததன் கடைசிப் பகுதி, எட்டு நிமிஷம். அல்லா ரக்காவின் முகத்தைப் பார்க்கச் சொல்லுங்கள், சிரித்துக்கொண்டே எங்கே பொடி வைக்கிறார் என்று.

பிறகு அப்பாவும் மகனும் சேர்ந்து வாசித்த இரட்டைத் தபலா, கூட சாரங்கியில் நகமா ஓடும் பதிவு. இதற்கு மட்டும் இருபத்தைந்து நிமிஷம் ஒதுக்குங்கள், வகுப்பின் உயிரே இதுதான். நகமா என்பது ஓர் ஆவர்த்தத்துக்குள் அடங்கும் சின்ன மெட்டு, மாறாமல் திரும்பத் திரும்ப வரும். நமக்குத் தனி ஆவர்த்தனத்தில் பாடகர் கையால் தாளம் போடுகிறாரே, அந்த வேலையை அங்கே நகமா செய்கிறது. பிள்ளைகள் மெட்டைப் பிடித்துக்கொண்டால் தாளம் தவறாது. முதலில் பேஷ்கார் என்ற தொடக்கப் பகுதி, நிதானமாக. பிறகு காய்தா, ஒரு கருவை எடுத்துப் பிரித்துப் பிரித்து வாசிப்பது. பிறகு ரேலா, கத் (முன்பே அமைத்த சொல்கட்டு), சக்ரதார். அப்பா ஒரு சொல்கட்டை வாயால் சொல்லிவிட்டு வாசிக்கும் இடங்களில் நிறுத்தி, பிள்ளைகளையும் சொல்ல வையுங்கள். அதே சொல்லை மகன் திருப்பி வாசிக்கும்போது இடக்கையில் என்ன கூடியிருக்கிறது என்று கேளுங்கள். அவர்கள் கேட்ட முதல் கேள்விக்கு அங்கேயே, தங்கள் காதாலேயே பதில் கிடைத்துவிடும்.

அதன்பின் சந்தூர் பத்து நிமிஷம், சக்தி பதினைந்து நிமிஷம். சக்தியில் 1975இல் நியூயார்க் பக்கம் மேடையில் பதிவான முதல் தட்டிலிருந்து ஒரு துண்டு, 2023 தட்டிலிருந்து ஒரு துண்டு. மீதி நேரம் கேள்விக்கு.

மாதுங்கா_தமிழன்:

ஒரு சேர்க்கை. அல்லா ரக்கா இறந்தது 2000 பிப்ரவரி 3. அந்தத் தேதியில் ஒவ்வோர் ஆண்டும் மகன்கள் மும்பையில் அஞ்சலிக் கச்சேரி நடத்திவந்தார்கள். விடியற்காலையில் தொடங்கி இரவு வரை, நடந்த இடம் நம் சண்முகானந்தா சபா அரங்கம். வட இந்தியரோடு மிருதங்கம், கடம், கஞ்சிரா வித்வான்களும் வெளிநாட்டு டிரம்காரர்களும் ஒரே மேடையில் வாசித்திருக்கிறார்கள். அந்த நிகழ்ச்சிகளின் காணொளிகள் இணையத்தில் இருக்கின்றன. கேமரா கைக்குப் பக்கத்தில் இருப்பதால் திர்திர் புரட்டலும் பாயான் வழுக்கலும் மற்ற பதிவுகளைவிட இவற்றில் தெளிவாகத் தெரியும். யூடியூபில் வேகத்தை 0.5 ஆக்கிப் போடுங்கள். அதற்கும் கீழே போனால் ஒலி குழறும்.